மூன்றெழுத்து விலாசம்

டீ டீ ஏ.
இந்த மூன்றெழுத்தைக் கண்டால் அது இறங்கிவிடும்.
எதிர் இழையில் படித்தால் டீ ஏ ஏ.
அந்த மூன்றையும் இரண்டாகப் பிரதியெடுத்துத்
தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று வைத்துக்கொண்டு
நடுவில் படுக்கும்
நானூற்று முப்பது எழுத்து உடம்பு.
சொந்தமாய்ப் புரதம் செய்யத் தெரியாது.
பெரிய வீட்டு உறவுக்காரரின் கத்தரிக்கோலை
இரவல் வாங்கித்தான் வெட்டிக்கொண்டு கிளம்பும்.

தேர்ஸ்டன் வீதி ஆய்வுகூடத்தில்
நெல் இலையை உறைபனியில் வைத்து அரைத்து
அதன் விலாசங்களை எடுப்பது என் வேலை.
நாலரைக்குப் பிறகு
எனக்கொரு விலாசம் தேடுவது.

"வெள்ளவத்தையில எண்டா இப்பவே இருக்கு மிஸ்,"
தரகர் நிஸ்தார் சொன்னார்.
"மற்ற பக்கம் எண்டா யோசிக்க வேணும்."
யார் யோசிக்க வேணும் என்று சொல்லவில்லை.

முதல் அறையில் மச்சம் சமைக்கக் கூடாது.
கடற்கரைப் பக்க அறையில்
பூட்டை உப்புக்காற்று தின்றிருந்தது,
சாவி உள்ளே போகும், திரும்பாது.
தெஹிவளையில் வீட்டுக்கார அம்மா
"இப்ப தேவையில்லைத்தான்" என்றபடியே
பொலிஸ் பதிவுப் படிவத்தை
மேசைவிரிப்பின் கீழிருந்து எடுத்து வைத்தார்.

இலைகள் தந்த விலாசங்கள் ஆயிரத்துச் சொச்சம்.
மரபணுக்களின் உள்ளறையில் விழுந்தவை
விரல் விட்டு எண்ணலாம்.
வாசலுக்கு முன்னால், ஐந்நூறு எழுத்துத் தள்ளி,
கூட்டம் கூட்டமாய்.
அப்படி வாசலில் குந்தியிருக்கும் ஒன்று
வயலில் உப்புத்தண்ணி ஏறும் நாளில்
சிலவேளை கதவைத் தட்டும்.
உள்ளே தூங்கிய மரபணு எழுந்து வரும்.

"புத்திசாலி, இடம் பார்த்து இறங்குது"
என்றாள் இஷாரா.

நூறாம் இலக்க பஸ்ஸில்
ஒற்றைக்காலில் நின்றபடி யோசித்தேன்.
நாங்கள் பார்ப்பது இறங்கியவற்றையா,
மிஞ்சியவற்றையா?
மரபணுவின் நெஞ்சில் அது விழுந்த செடி
வயலுக்கே வந்திராது.
வராத செடியின் இலையை
யார் அரைப்பது?

"உங்கட ஆக்களுக்கு வெள்ளவத்தைதானே விருப்பம்"
என்றும் நிஸ்தார் சொல்லியிருந்தார்.
பெரியப்பாவுக்குப் பொரளையில் கடை இருந்தது.
வாக்காளர் இடாப்பில் எண்பத்திரண்டு வரை
அந்த இலக்கம் இருக்கிறது.
விருப்பம் என்ற சொல்லை
நான் இன்னும் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

ஆகவே நாற்றுகளிடம் போனேன்.
முளைத்து மூன்றே நாள்.
வெயில், பூச்சி, உப்பு
எதுவும் இன்னும் நேர்முகப் பரீட்சை வைக்கவில்லை.
எண்ணிப் பார்த்தால்
இங்கேயும் வாசல்தான் அதிகம்.
சரி, ஒத்துக்கொள்கிறேன், அதற்கும் ருசி உண்டு.
நெல் மரபணுக்களின் உள்ளறை
ஜீயும் சீயும் நெருக்கியடித்த இடம்,
டீ டீ ஏ அங்கே கிடைப்பது அருமை.

ஆனால் ஏழாம் தட்டில், பதினோராம் குழியில்
வெள்ளை வெளேரென்று ஒரு நாற்று.
பச்சையம் செய்யும் மரபணுவின் நட்ட நடுவில்
அது போய்ப் படுத்திருந்தது.
தாய்ச்செடி ஒற்றைப் பிரதியில் ஒளித்துக் காவியது
இங்கே இரண்டிலும்.
விதைக்குள் கட்டிவந்த சோறு தீரும் மட்டும்,
ஒன்பது நாள், நிமிர்ந்தே நின்றது.

அதன் விலாசத்தையும் பட்டியலில் சேர்த்தேன்.
"செத்துப்போச்சே, இது கணக்கில் வருமா?"
இஷாரா சிங்களத்தில் கேட்டாள்.
வரும் என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

கடைசியில் ஹம்டன் ஒழுங்கையில் ஓர் அறை.
ஜன்னலைத் திறந்தால்
அடுத்த தொடர்மாடியின் துவைத்த துணிகள்.
ஆறு மாத முற்பணம், ஒப்பந்தம் இரண்டு பிரதி,
அவருக்கொன்று எனக்கொன்று.
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்றார் வீட்டுக்காரர்,
போகும்போது வந்தமாதிரியே இருக்கவேணும்.

அது அப்படித்தான் போகும், நெல்லிலிருந்து.
இரண்டு மூன்றெழுத்தையும் ஒன்றாய் மூடிவிட்டு,
பெரும்பாலும் தழும்பில்லாமல்.

நான் ஓர் ஆணி அடித்தேன்.
கதவுக்குப் பின்னால்.